தெம்மாடிக்குழியில் அக்காவின் பிள்ளை

பினாயில் வாசனைக்கு நடுவே கஞ்சி போட்ட வெள்ளைத் துணியின் மணம் வந்தால், பிரீடா சிஸ்டர் வார்டுக்குள் நுழைந்துவிட்டார் என்று அர்த்தம்...

எழுபதுகளின் கடைசி. திருவனந்தபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸ். சிஸ்டர் அயர்லாந்துக்காரர். பிரசவ வார்டு முழுக்க அவர் பொறுப்பு. மலையாளம் பேசுவார், எங்களோடு பழகி அரைத் தமிழும் வந்திருந்தது. எங்கள் மீன்குழம்பைச் சாப்பிட்டால் கண்ணில் தண்ணீர் கொட்டும், ஆனாலும் விடமாட்டார்.

பிரசவ அறை ஜன்னலில் எப்போதும் ஒரு குப்பியில் தண்ணீர் இருக்கும். வேதக்கார வீட்டுப் பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால், பக்கத்தில் நிற்கிற நர்ஸ் அதைத் தலையில் ஊற்றி, ஞானஸ்நான வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். அவசரத்துக்கு யார் ஊற்றினாலும் செல்லும். எங்களோடு வேலை பார்த்த சரஸ்வதிகூட ஊற்றியிருக்கிறாள். ஆனால் பிள்ளைக்கு உயிர் இருக்க வேண்டும், அதுதான் சட்டம்.

என் அக்கா ரோசம்மாவுக்கு அங்கேதான் தலைப்பிரசவம். கல்யாணம் முடிந்து வருஷக்கணக்கில் காத்துக் கிடந்து உண்டான பிள்ளை. அத்தான், குழித்துறைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த கொத்தனார்.

ஆண் பிள்ளை... கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமலே வந்தான். சிஸ்டர் தட்டிப் பார்த்தார், வாயில் ஊதிப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டிவிட்டு, வெள்ளைத் துணியில் பொதிந்தார். குப்பியை எடுக்கவில்லை.

அக்கா கண் திறந்ததும் கேட்டாள்.

"தண்ணி ஊத்தினியளா?"

ஊற்றவில்லை என்றால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே, தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் சபை விலக்கியவர்களையும் புதைக்கிற மூலைதான். மலையாளத்தில் தெம்மாடிக்குழி என்பார்கள். தெம்மாடி என்றால் போக்கிரி. ஒரு மூச்சுகூட விடாத பிள்ளை என்ன போக்கிரித்தனம் செய்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அக்கா சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டரே... ஊத்தினேன்னு அச்சன்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ. எம்பிள்ளை உள்ள கெடக்கட்டும்."

"உயிர் இல்ல ரோசம்மா. ஞான் எப்படிச் சொல்லும்?"

"பெத்திருந்தா சொல்லுவிய."

சிஸ்டரின் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் பங்குச் சாமியாரான அச்சன் வந்து கேட்டபோது, உயிர் இல்லை என்றுதான் சொன்னார். அச்சனும் கெட்டவர் இல்லை. "சட்டம் அப்படியாக்கும் மக்களே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.

அழுக்குத் துணி அலசுகிற இடத்தில் சிஸ்டர் தனியாக நின்றார். நான் போனதும், கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். அவருடைய அம்மாவுக்கும் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததாம். ஊர் முழுக்க ஜெபமாலை உருட்டுகிற அயர்லாந்திலும் இதே சட்டம்தான். அப்பா அதை ஒரு பெட்டியில் வைத்து, வயல் வேலியோரம் முள்மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாராம். அம்மாவைக் கூட்டிப் போகவில்லை. எந்த மரம் என்றும் கடைசிவரை சொல்லவில்லையாம்.

"பின்னே ஏன் சிஸ்டர், ஒரு பொய் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"ஞான் அந்தத் தண்ணியை விசுவசிக்குது மோளே..." என்றார். குழாயை மூடிவிட்டு வார்டுக்குத் திரும்பினார்.

அத்தான்தான் குழி வெட்டினார். அச்சன் வரவில்லை, மணி அடிக்கவில்லை. அந்த மூலையில் எங்களோடு வந்து நின்ற ஒரே ஆள் பிரீடா சிஸ்டர். சேற்றில் அப்படியே முட்டுக்குத்தினார். வெள்ளை உடுப்பு நாசமாய்ப் போனது.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வந்து நின்னா ஆச்சா" என்றாள். சிஸ்டர் ஊருக்குத் திரும்பிப் போகும்முன் வீட்டுக்கு வந்தபோதும் அவள் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. அதன்பிறகு அவளுக்குப் பிள்ளையும் இல்லை.

காலம் ஓடிவிட்டது. இப்போது என் மகள் அயர்லாந்தில் நர்ஸ். அன்றைக்கு அங்கிருந்து சிஸ்டர்மார் இங்கே வந்தார்கள், இன்றைக்கு இங்கிருந்து பிள்ளைகள் அங்கே போகிறார்கள். போன வருஷம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு வேலியோரம் புதுக் கல் ஒன்று. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைப் புதைத்த இடமாம். அந்த ஊர் ஃபாதர் வந்து தண்ணீர் தெளித்து மந்திரிக்கிறார். நரைத்த தலைகள் சுற்றி நின்று அழுகின்றன.

அக்காவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த சிஸ்டர் இருக்காளாட்டி?"

"எப்பவோ போயாச்சு அக்கா."

போனைத் திருப்பித் தந்தாள். "நம்மளும் போய் இப்படி ஒரு ஜெபம் கேப்பமா?" என்றாள்.

அந்தப் பங்குக் கோவிலுக்குப் போனோம். இப்போதைய அச்சன் சின்ன வயசுக்காரர். அந்தக் குழந்தைகளைத் தெய்வம் கைவிடாது என்று சபையே சொல்லிவிட்டது அம்மச்சி என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! பழைய மதில் இல்லை. அந்த மூலையில் சிமெண்டுக் கல் பாவி, பைக் நிறுத்துகிறார்கள். ஒரு ஸ்கூட்டரைத் தள்ளி வைத்துவிட்டு, அச்சன் புத்தகத்தைத் திறந்தார்.

"பிள்ளைக்குப் பேரென்ன அம்மச்சி?"

அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஞானஸ்நானத்தில தானே பேரு வைப்பிய. எம்பிள்ளைக்கு எங்க வச்சிய?"

பேர் இல்லாமலே ஜெபம் நடந்தது...

கிழக்கேகோட்டைக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "இனி வைக்கலாமாட்டி, ஒரு பேரு?"

"வைக்கலாம் அக்கா."

இன்னும் வைத்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதெல்லாம் புதிதாக ஒரு பேரைச் சொல்வாள். வீடு வந்து சேர்வதற்குள், "அவனுக்கு இது சேராதுட்டி" என்று அவளே வேண்டாம் என்றுவிடுகிறாள்.