உண்டியலில் விழுந்த அட்டை

அக்கா கனடாவுக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. குடியுரிமை மட்டும் வாங்கவில்லை. வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. ஆகவே அங்கே அவள் நிரந்தரவாசி. அதற்கு அடையாளமாக ஏடிஎம் கார்டு அளவில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். நிரந்தரம் என்று பெயர் வைத்துவிட்டு, அட்டைக்குக் காலாவதித் தேதியும் போட்டிருக்கிறார்களே என்று நான் கேலி செய்யாத நாளில்லை.

அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கரீபியன் கடலில் ஒரு குட்டித் தீவுக்காரர்கள். அது தனி நாடு இல்லை, பிரிட்டனுக்குச் சொந்தமான தீவு. பிரிட்டனோ பெரிய கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கல்யாணம் அந்தத் தீவில்தான். அதற்கு முன் பிறந்த வீட்டுக் குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைப்பதற்காக அக்கா திருவண்ணாமலையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறவள். இந்த மாதிரி விஷயம் கையில் கிடைத்தால் லேசில் விடமாட்டேன். இந்தியப் பாஸ்போர்ட், கனடா வீடு, பிரிட்டிஷ் தீவு. இவள் யாரிடம் போய் அனுமதி கேட்பாள்? சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் போனில் தேடித் தேடிப் படித்தேன். நான் புரிந்துகொண்டவரை விஷயம் இதுதான்: வெறும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு போனால் விசா வேண்டும். கூடவே கனடாவின் அந்த அட்டையும் இருந்தால் விசா வேண்டாம். இதில் கனடா எங்கிருந்து வந்தது என்று எனக்கு மண்டை குடைந்தது. அக்காவைக் கேட்டால், “ரூல் அப்படி. உனக்கு ஏன் இவ்ளோ ஆராய்ச்சி?” என்றாள்.

எங்கள் குலதெய்வம் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப்பக்கம், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கிறாள். பத்திரிகையோடு பாஸ்போர்ட், விமான டிக்கெட் எல்லாவற்றையும் அவள் காலடியில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அக்காவின் ஆசை. குங்குமம் பட்டால் மெஷினில் படிக்காது என்று பயந்து, அட்டையை மட்டும் என் வீட்டில் கிடந்த ஒரு துண்டு மஞ்சள் துணியில் சுற்றி முடிந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

கோயிலில் பூசாரி கற்பூரம் காட்டினார். பத்திரிகையில் ஒன்றை அம்மன் காலடியிலேயே விட்டுவிட்டு, மற்றதையும் பாஸ்போர்ட்டையும் தட்டில் திருப்பிக் கொடுத்தார். மஞ்சள் முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேராக உண்டியலில் போட்டார். அவர்மேல் குற்றமே இல்லை. எங்கள் கோயிலில் மஞ்சள் முடிச்சு என்றால் வேண்டுதல், வேண்டுதல் என்றால் உண்டியல். அக்கா கையை நீட்டியபடியே நின்றாள்.

அந்த உண்டியலைத் திறப்பது லேசான காரியம் இல்லை. ஆடி மாதத்தில் மட்டும், பங்காளிகள் கூடித் திறப்பார்கள். இரண்டு பூட்டு. ஒரு சாவி பெரியப்பா வீட்டில், இன்னொன்று எங்கள் அப்பாவிடம். அப்பா போன பிறகு பெரியப்பா மகன், எங்களுக்கு அண்ணன், கட்டிக் கொடுத்த பெண்களிடம் கோயில் சாவி இருக்கக் கூடாது என்று சொல்லி அதையும் வாங்கிக்கொண்டார். அக்கா அன்று போனிலேயே அவரோடு சண்டை போட்டாள். அத்தோடு பேச்சு நின்றது. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயரைப் போடவில்லை, அவருக்குப் பத்திரிகை வைக்கவும் அவள் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மறுபடியும் போனை எடுத்தேன். அட்டை தொலைந்தால் கனடாவுக்குத் திரும்பிப் போக மட்டும் ஒரு பயணச் சான்று கேட்டு விண்ணப்பிக்கலாம். கனடா போய்ப் புது அட்டை வாங்கலாம், அது வர நாளாகும். தீவுக்காரர்களுக்கோ அட்டை வேண்டும், இல்லாவிட்டால் விசா வேண்டும், அதுவும் வர நாளாகும். கல்யாணம் அடுத்த மாதம். மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அம்மா போனில் பார்க்க வேண்டியதுதான். இதை நான் சொல்லி முடித்ததும் அக்கா எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். “வா, அவர் கடைக்கே போலாம்” என்றாள்.

அண்ணனுக்குக் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை. எங்களைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா நடந்ததைச் சொன்னாள். ஆடிக்கு முன்னால் திறந்ததே இல்லை, உள்ளே விழுந்தது அம்மனுடையது என்றார். நான் எதிர்பார்த்ததுதான். பிறகு என் பக்கம் திரும்பி நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார்.

“நம்மூர் பாஸ்போர்ட்டுதான் இருக்குதே. அந்தத் தீவுக்காரனுக்கு கனடா கார்டு எதுக்கு?”

என்னைக் குடைந்த அதே கேள்வி. அவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானாக யோசித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன்.

“இவ எந்த ஊர்னு அவங்களுக்கு கவலை இல்லண்ணா. திரும்பிப் போறதுக்கு ஒரு எடம் இருக்குதா, போனா அங்க உள்ள விடுவாங்களான்னுதான் பாக்கறாங்க. அதுக்கு சாட்சி அந்த கார்டு.”

அவர் கடைக்கு வந்த ஆளுக்கு யூரியா மூட்டையை எடுத்துக் கொடுத்தார். கணக்கு நோட்டை எடுத்தார், எழுதாமலே மூடினார். அப்புறம், “காலைல கோயிலுக்கு வந்துடுங்க” என்றார்.

காலையில் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். கற்பூரம் ஏற்றிவிட்டு இரண்டு பூட்டையும் திறந்தார். உள்ளே மஞ்சள் முடிச்சு ஒன்றா இரண்டா, ஒரு குவியல். அக்கா அவசரமாக ஒன்றைப் பிரிக்கப் போனாள். அடுத்தவர் வேண்டுதலைப் பிரிக்கக் கூடாது என்று அவர் தடுத்தார். ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தோம். காசு, காசு, ஒன்றில் தொட்டில் பொம்மை போல என்னவோ. கடைசியில் அவர் கையில்தான் அது கிடைத்தது. துணியைப் பிரித்து உண்டியலிலேயே போட்டுவிட்டு, அட்டையைச் சட்டையில் துடைத்து, படத்தை உற்றுப் பார்த்தார். அக்கா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து அவரிடம் நீட்டினாள். “பேர் போடலண்ணா” என்றாள்.

“பாத்தேன். அம்மன் காலடியில இருந்ததே” என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு இரண்டு பூட்டையும் பூட்டினார். ஒரு சாவியைச் சட்டைப் பையில் போட்டார். இன்னொன்றை அக்காவிடம் நீட்டினார்.

“இது சித்தப்பாவோடது. எடுத்துனு போ.”

அக்கா கை நீட்டவில்லை. கனடாவுக்கா, அங்கே வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றாள்.

“ஆடிக்கு நீ வந்தாதான் தொறக்க முடியும். வரலன்னா பூட்டியே கெடக்கட்டும்.”

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பஸ்ஸில் வரும்போது பாஸ்போர்ட்டும் அட்டையும் இருந்த சின்னப் பையிலேயே சாவியையும் போட்டு ஜிப்பை மூடினாள்.

தீவில் இறங்கியதும் அதிகாரி அந்தப் பையைத் திறந்து காட்டச் சொன்னாராம். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், இது என்ன சாவி என்று கேட்டார். வீட்டுச் சாவி என்று சொன்னாளாம்.