அப்பிச்சி கண் மூடிய மத்தியானம்

நான் பதினோராம் வகுப்பு வரை படித்தது மாரியம்மன் உத்தரவினால்தான் என்று ஊரில் சொல்வார்கள். ரொம்ப வருடம் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு மூன்று மைல் நடந்து டவுனுக்குப் போக வேண்டும். நான் ஐந்தாவது முடித்தபோது, பெண்பிள்ளை அவ்வளவு தூரம் போக வேண்டாம், மாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். எனக்கு அழுகை முட்டியது. ஆனால் வாய் திறந்து கேட்கிற பிள்ளை இல்லை நான்.

அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்பிச்சி என்போம். மாரியம்மன் நோம்பிக்கு வந்திருந்தவர் எனக்காகப் பேசிப் பார்த்தார்.

“ஏனுங் மாப்பிள்ளை, புள்ள நல்லாப் படிக்குதுங்களே.”

“அதுக்கென்னங் மாமா, நீங்க இன்னொரு கச்சாயம் எடுத்துக்குங்க.”

எங்கள் பக்கத்தில் மாமனாரிடம் இதைவிடக் கடுமையாக யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அப்பிச்சி மூன்று முறை பேசினார். மூன்று கச்சாயம் தின்றார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் அதற்கு மேல் பேச முடியாது.

மறுநாள் மத்தியானம் மாவிளக்கு. கோயிலுக்குள் கூட்டம், பம்பைச் சத்தம், சாம்பிராணிப் புகை. அப்பிச்சி முன்னால் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தார். புகை முகத்தில் அடிக்கவும் கண்ணை இறுக மூடினார். மூடியதுதான் தாமதம், உடம்பு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது.

“ஆத்தா வந்துட்டா!” என்று அப்பாவின் அக்கா கத்தினார். பம்பைக்காரர் அடியை வேகமாக்கினார்.

அப்பிச்சி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். எதிரே அப்பா, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்.

“தாயே, எங்க மேல ஏதாச்சும் கொறைங்களா?”

அப்பிச்சி அவரைப் பார்த்தார். கூட்டத்தில் என்னைத் தேடினார். பிறகு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு முன்னைவிட அதிகமாக ஆடியது.

“புள்ளையப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திப்போடாதீங்க மாப்பிள்ளை.”

அம்மன் ஏன் அப்பாவை மாப்பிள்ளை என்கிறாள், மரியாதை வேறு கொடுக்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊர் அம்மன், எங்களைப் போலத்தானே பேசுவாள்.

“எது வரைக்குங் தாயே?”

“பதினொண்ணு முடியற வரைக்குங்க.”

அப்பா அப்படியே காலில் விழுந்தார். அப்பிச்சி சாய்ந்து அவர் முதுகின் மேலேயே விழுந்தார். அம்மன் மலையேறிவிட்டாள் என்று பூசாரி தண்ணீர் தெளித்தார். அப்பிச்சியின் முழங்கை கல்லில் இடித்து வீங்கியதற்கு அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். ஜூன் மாதம் நான் டவுன் பள்ளியில் சேர்ந்தேன். இப்போது இதை நாலு வரி எழுத முடிகிறதென்றால் அந்த ஆறு வருடப் படிப்பினால்தான்.

எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. போன மாதம் குளிக்கும்போது முகத்தில் சோப்போடு கண்ணை மூடினேன். நின்ற இடமே சாய்ந்தது. குழாயைப் பிடித்துத் தப்பினேன். வயதானால், உடம்பைச் சாயாமல் பிடிக்கிற காதும் காலும் கொஞ்சம் மந்தமாகும், பிறகு கண்தான் நம்மை நிமிர்த்தி நிறுத்துகிறது என்றார் டாக்டர். அம்மாவிடம் சொன்னேன்.

“உங்கப்பிச்சிக்கும் இப்பிடித்தான், கண்ணு. அந்த நோம்பிக்கு முந்தின வருசமே கெணத்தடில சோப்புப் போடறப்ப உளுந்துபோட்டாரு. அப்பறம் ஒத்தக் கண்ணத் தொறந்து வெச்சுட்டுத்தான் மூஞ்சி களுவுவாரு.”

முதல் முறை அவர் கண்ணை மூடவைத்தது புகை. இரண்டாம் முறை, விழுந்துவிடுவோம் என்று தெரிந்தே அவராக மூடியிருக்கிறார். கைகள் தலைக்கு மேலே, கீழே கருங்கல் தரை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

எனக்கு அன்று அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஊருக்குக் கிளம்பும்போது, “வாரேங் கண்ணு” என்று கை நீட்டினார். நான் பக்கத்தில் போகவில்லை.