உறைய மறுத்த ஜெல்

ஆரணியில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் ஸ்வர்ணலதா. வேதியியல் ஆய்வுக்காகத் தினமும் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குப் பஸ்ஸில் போய்வந்தாள். அவள் தயாரித்த வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்தால், அதன் மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றையொன்று பற்றி நீண்ட இழைகளாகும். இழைகள் பின்னிக்கொண்டதும் தண்ணீரே ஜெல்லாக உறைந்துவிடும். குப்பியைக் கவிழ்த்தாலும் சொட்டாது.

'தூய நீரில் உறையும் ஜெல்' என்று ஹைதராபாத் கருத்தரங்குக்கு எழுதி அனுப்பினாள். பேச இடம் கிடைத்தது. மகள் விமானம் ஏறப்போகிறாள் என்று அம்மா ரேணுகாம்பாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

அப்புறம் ஜெல் உறையவே இல்லை. பொடியைப் புதிதாகச் செய்தும் குப்பியில் வெறும் தண்ணீர்தான் ஆடியது.

"முன்னாடி பார்த்தது நிஜம்தானாம்மா?" என்றார் வழிகாட்டி அன்பழகன். கோபமில்லாமல் கேட்டதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"இன்னாடி, சாப்பிடாம சோத்தைப் பெசஞ்சிகினே இருக்க?" என்றாள் அம்மா. ஸ்வர்ணலதா தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் பழைய தண்ணீர் கேன் ஒன்று அவள் கண்ணில் பட்டது. புதுச் சுத்திகரிப்பு இயந்திரம் வந்ததும் ஒதுக்கிப் போட்டது. முன்பெல்லாம் அவள் தண்ணீர் பிடித்தது அதில்தான். உள்ளே பார்த்தாள். சுவரெல்லாம் உப்புப் படிந்து வெளுத்திருந்தது. தூய நீரை அதில் ஊற்றி ஊறவிட்டு, அந்த நீரில் பொடியைக் கரைத்தாள். உறைந்தது!

பிறகு உப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். ஒன்றையொன்று விலக்கித் தள்ளிய இழைகளை, கேனில் படிந்திருந்த கால்சியம் உப்பு நடுவில் நின்று சேர்த்துப் பிடித்தது. சாதாரண உப்பில் ஜெல் தளர்வாகவே வந்தது. இன்னொரு உப்போ, உறைந்ததையும் நீராக்கியது.

சந்தோஷம் அடங்கியதும்தான் உறைத்தது. அனுப்பிய தலைப்பே தவறு; அது தூய நீரே அல்ல.

"இனிமே மாத்த முடியாது. யாராவது கேட்டாப் பார்த்துக்கலாம்" என்றார் அன்பழகன்.

"தப்புன்னு தெரிஞ்சே மேடையில நின்னு சொல்ல முடியாதுங்க சார்."

அவர் தாமே கணினியைத் திறந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி அனுப்பினார். பயணம் நின்றது. தெருவில் விசாரித்தவர்களுக்குப் பதில் சொல்லி அம்மாவுக்குத்தான் மாளவில்லை.

அந்த உப்புகளே பின்னர் ஸ்வர்ணலதாவின் ஆய்வேடாகி, முனைவர் பட்டமும் தந்தன. இன்று புண்ணில் தடவும் ஜெல்லுக்காக உழைக்கிறாள். உடம்பின் ஈரமும் உப்புநீர்தானே. அதில் அது தாக்குப்பிடிக்குமா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறாள்.