மூன்று பைனாகுலர்களோடு மொன் லோரியே

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு மொன்றியலில் எங்கள் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் மணி அடித்தது. மூன்று நாற்பதுக்கு நான் ஜில்லின் பிக்கப் வண்டிக்குள் இருந்தேன். கை கழுவக்கூட நிற்கவில்லை. ஜில் எங்கள் மேற்பார்வையாளர். பதினொரு மாதம் பெட்டிகளோடு மாரடித்துவிட்டு நவம்பர் வந்ததும் மான் வேட்டைக்கு ஓடுகிற கியூபெக்காரர். அது எண்பத்தேழாம் ஆண்டு. அடுத்த வியாழக்கிழமை என் அகதி விசாரணை.

ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நின்றால் நடக்க வேண்டும், நடந்தால் உட்கார வேண்டும். காரணம், டவுன்டவுனில் என் வழக்கறிஞர் அம்மா படிவத்தில் விரலை வைத்துக் கேட்ட கேள்வி. “உங்கள் தம்பியைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சந்தேகம்? இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு நான் அங்கே போய் என்ன பேசுவது?” எனக்குத் தெரியாது என்றேன். அது பொய். திங்கட்கிழமை மாலைக்குள் யோசித்து வரச் சொன்னார். யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் நான் மான் பார்க்கப் புறப்பட்டேன்.

என்னோடு ஒரே ஃபிளாட்டில் இருக்கும் சிவராசா அண்ணை புதன்கிழமையே சண்டைக்கு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்தவர். அகதியாக ஏற்றுக்கொண்ட கடதாசி கிடைத்துவிட்ட பாக்கியவான். உணவகக் குசினிகளில் நின்று நின்று பிரெஞ்சும் பிடித்துவிட்டார்.

“உனக்கென்ன விசரே? விசாரணையை வைச்சுக்கொண்டு துவக்குக்காரனோட காட்டுக்குப் போறியே?”

“துவக்கு அவர்ர அண்ணே. நான் பார்க்கத்தான் போறன்.”

“என்னத்தைப் பார்க்க?”

“மான்.”

கொஞ்சம் யோசித்தார். “இறைச்சி தருவானோ?” என்றார். ஆகவே அவரும் வந்தார், மடியில் ஒரு போத்தல் கறித்தூளோடு.

கூட வருகிறவர்கள் ஆளுக்கொரு பைனாகுலர் கொண்டுவர வேண்டும் என்பது ஜில்லின் சட்டம். எனவே வண்டியின் முன் இருக்கையில் நாங்கள் மூன்று பேர், பைனாகுலர் மூன்று. ஜில்லுடையது ஏழுக்கு ஐம்பது. கறுப்பு, கனம், கழுத்தில் போட்டால் கழுத்து குனிந்துவிடும். சிவராசா அண்ணையின் கையில் ஜில்லின் மனைவி ஹொக்கி பார்க்க வைத்திருந்த குட்டி மடக்குக் கண்ணாடி, எட்டுக்கு இருபது. என்னுடையது இருபதுக்கு ஐம்பது. டவுன்டவுனில் ஒரு பழைய பொருள் கடையில் முப்பத்திரண்டு டொலர். கடைக்காரர் ஐந்தாறு எடுத்து வைத்தார். நான் பெரிய எண் எது என்று மட்டும் கேட்டேன்.

சென் ஜெரோம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், அங்கே கோப்பி அறுபது சதம். சென்ட் அகத்தில் பதினான்கு டொலருக்கு எண்ணெய் அடித்தோம். பிறகு 117ஆம் பாதை. ஏரி, மலை, இலை கொட்டிய மரம், திரும்பவும் ஏரி. யாராவது கேட்டால் அழகு என்றுதான் சொல்வேன். ஆனால் நான் கிலோமீட்டர்ப் பலகைகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழு மணிக்கு, இருநூற்று நாற்பது கிலோமீட்டருக்குப் பிறகு, மொன் லோரியேயைத் தாண்டி ஒரு மரக்குடிலில் இறங்கினோம்.

சாப்பாட்டு மேசையில் ஜில் பாடம் எடுத்தார். அவருடைய ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அதனால் நன்றாகப் புரிந்தது. முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன் கண்ணாடியின் அகலம். இரண்டாவதை முதலாவதால் பிரித்து வரும் விடை பெரிதாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் தெரியும். அவருடையதுக்கு ஏழு வந்தது. என்னுடையதுக்கு இரண்டரை. “உன்னுடையது நிலவு பார்க்க நல்லது” என்றார். சிவராசா அண்ணை சிரித்ததில் கோப்பி புரைக்கேறியது.

இன்னொன்றும் சொன்னார். துவக்கின் மேலேயும் ஒரு குழாய்க் கண்ணாடி உண்டு. அதால் எதையும் தேடிப் பார்க்கக் கூடாது. அதால் பார்க்கும்போது துவக்கும் அதையே பார்க்கிறது. அங்கே நிற்பது மனிதனாக இருந்தால்? முதலில் பைனாகுலர். இன்னதென்று தெரிந்த பிறகுதான் துவக்கு.

படுக்கும்போது மற்ற இரண்டு பைனாகுலர்களையும் வெளி விறாந்தையில் குளிரிலேயே விட்டார்கள். நான் என்னுடையதை ஸ்வெட்டரில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்தில் என் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணி. செம்மஞ்சள் அங்கி மாட்டிக்கொண்டு ஒரு சரிவின் ஓரத்தில் உட்கார்ந்தோம். என் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். வெள்ளை. அடுப்பின் சூட்டில் கிடந்தது குளிருக்குள் வந்ததும் உள்ளுக்குள்ளேயே ஆவி படிந்து புகார் பிடித்துவிட்டது. துடைக்க முடியாத இடத்தில் புகார். அரை மணித்தியாலம் கழித்து அது விலகியபோது இருட்டும் நடுக்கமும்தான் தெரிந்தன. இருபது மடங்கு பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி, கை நடுக்கத்தையும் இருபது மடங்காக்கும். ஒரு மரத்தைப் பிடித்தால் அடுத்த கணம் அது வேறு மரம். சிவராசா அண்ணை மூக்குக்கண்ணாடிக்காரர். குட்டிக் கண்ணாடியில் தனக்குக் கறுப்பு வளையம்தான் தெரிகிறது என்று முணுமுணுத்தார். ஜில் அதன் ரப்பர் விளிம்பைப் பின்னுக்கு மடித்துவிட்டார். “ஆ, இப்ப எல்லாம் தெரியுது. மானைத் தவிர.”

ஜில் தன்னுடையதைக் கழற்றி என்னிடம் தந்தார். முழங்கையை முழங்காலில் ஊன்றச் சொன்னார். முதலில் வெறுங்கண்ணால் அசைவைப் பிடி, பார்வையை எடுக்காமல் கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுவா என்றார். அப்படிச் செய்தேன். வெறுங்கண்ணுக்குச் சாம்பலாக இருந்த காடு அதற்குள் விடிந்திருந்தது. பட்டை தெரிந்தது, பனி தெரிந்தது, ஒரு காது தெரிந்தது.

“மான்” என்றேன். ஜில் துவக்கை எடுத்தார், உயர்த்தவில்லை.

“கொம்பு?”

அவருடைய அனுமதிச் சீட்டு கொம்புள்ள ஆணுக்கு மட்டும். நான் பார்த்தேன். அது தலையைத் தூக்கி என் பக்கமே பார்த்தது. என் ஒரு சொல்லில் அதன் உயிர் இருந்தது.

“இல்லை” என்றேன்.

துவக்கு கீழே போனது. மான் இன்னும் கொஞ்சம் மேய்ந்துவிட்டுப் போனது. “என்ர கறித்தூள்” என்றார் சிவராசா அண்ணை துக்கத்தோடு.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். மொன் லோரியேக்குத் தெற்கே பத்துக் கிலோமீட்டரில் பாதையோரம் ஒரு வாகனம், பச்சைச் சீருடையில் ஒரு காட்டுக் காவலர், கை காட்டினார்.

இனி நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. மடியில் கிடந்த என் பைனாகுலரை என் கைகள் எடுத்தன, காலடியில் கிடந்த போர்வைச் சுருளுக்குள் செருகின. ஜில் துவக்கையும் சீட்டையும் ஒளிவுமறைவின்றிக் காட்டிக்கொண்டிருந்தார். காவலர் அதைப் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்தார்.

என்னை இறங்கச் சொன்னார். போர்வையை விரித்தார். பைனாகுலர் விழுந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிரெஞ்சில் கேட்டார். சிவராசா அண்ணை அவசரமாக மொழிபெயர்த்தார்.

“களவெடுத்ததோ எண்டு கேக்கிறான். இல்லையெண்டால் ஏன் ஒளிச்சனீ எண்டு கேக்கிறான். டேய், கடதாசியையும் கேக்கிறான். வியாழக்கிழமை விசாரணையடா! வாயைத் திறந்து சொல்லு!”

கடதாசியை நீட்டினேன். காவலர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு லொறி போனது. பிறகு நான் தமிழில், அண்ணையைப் பார்த்துச் சொன்னேன்.

“எங்கட வீட்டில ஒண்டு இருந்தது அண்ணே. திருகோணமலையில ஒரு கப்பல்காரனிட்ட நான்தான் வாங்கினன், தம்பிக்கு. அவன் வாவியில போட்ட வலையைக் கரையில நிண்டு பார்ப்பான். இன்னும் பெரிசாக் காட்டுறது வாங்கித் தா எண்டு கேட்டுக்கொண்டே இருப்பான். ஆமி தேடுதல் வருகுது எண்டாங்க. மேசையிலேயே கிடக்கட்டும் அண்ணே, அது வலை பார்க்கிற சாமான்தானே எண்டான் அவன். நான் கேக்கல்ல. சாரத்தில சுத்தி நெல்லு மூட்டைக்குள்ள வைச்சன். வந்தவங்க மூட்டையைக் கவிழ்த்தாங்க. ஒளிச்சு வைச்சிருக்கிறாய், அப்ப நீ ஆரைப் பார்க்கிறாய் எண்டு கேட்டாங்க. தம்பி தன்ர எண்டு சொன்னான். ஒளிச்சவன் நான் எண்டு நான் சொல்லல்ல.”

ஒன்றரை வருடம் ஒரே அறையில் படுத்தவர், அன்றுதான் இந்தக் கதையைக் கேட்டார். மொழிபெயர்க்கத் தொடங்கி இரண்டு தரம் நிறுத்தினார். ஜில் வண்டியின் எஞ்சினை நிறுத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தம்பியைக் கொண்டுபோன பிறகு வந்த நான்கு வருடத்தில் முதல் தடவையாகக் கால்கள் ஓரிடத்தில் நின்றன.

காவலர் கடதாசியைத் திருப்பித் தந்தார். பைனாகுலரைக் கொடுக்கும்போது வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்து ஏதோ சொன்னார்.

“வார் அறப் போகுதாம். மாத்தட்டாம்” என்றார் அண்ணை. “மெர்சி” என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

திரும்பும் பாதையில் சென்ட் அகத்தைத் தாண்டும்போது சிவராசா அண்ணை என் மடியிலிருந்து பைனாகுலரை எடுத்து, வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்தார். மொன்றியல் வரும்வரை அது அங்கேயே கிடந்தது. ஊரில் இப்படி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சோதனைச் சாவடியைத் தாண்ட முடியுமா என்று எண்ணிப் பார்த்தேன். முடியாது என்றுதான் நான் நம்பினேன். தம்பி முடியும் என்று நம்பினான். எவன் சொன்னது சரி என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு டவுன்டவுனில் மெட்ரோவால் இறங்கி நடந்தேன். வழக்கறிஞர் அம்மா படிவத்தை விரித்து, அதே சொல்லில் விரலை வைத்தார். நான் பையிலிருந்து பைனாகுலரை எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன். அவர் கோப்பிக் கிண்ணத்தைத் தள்ளி அதற்கு இடம் விட்டார்.

“இது என்ன?”

“வலை பார்க்கிற சாமான்” என்றேன். “மேசையில்தான் இருந்திருக்க வேண்டும். ஒளித்தது நான்.”

அவர் பேனாவைத் திறந்தார்.