கருவை மிஷினின் கூண்டு

அன்று வடிகால் கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். காண்ட்ராக்டர், வெள்ளை வேட்டியும் குடையுமாக. மதகு திறந்து மூடும் லஸ்கர், சைக்கிளைப் பிடித்தபடி. மரம் அறுக்கும் அண்ணன். அவன் தம்பி. வெல்டிங் பட்டறைக்காரன் நான். மிஷினுக்குள் அவள். வேறு யாரும் இல்லை.

முத்துப்பேட்டைக்குப் போகிற சாலையில் என் பட்டறை. ஐந்தாவது வரை படித்தேன். ஜன்னல் கிரில், கேட், சேற்றில் உழ டிராக்டருக்கு மாட்டுகிற இரும்புக் கேஜ் வீல். இவைதான் என் வேலை. கருவை மிஷின் பட்டறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

காட்டுக்கருவையை நின்ற இடத்திலேயே தூளாக்குகிற மிஷின் அது. ஒரு சின்னக் கார் அளவு இருக்கும். ரப்பர் சங்கிலியில் ஓடும். முன்னால் இரண்டு இரும்புக் கை, அதன் முனையில் ஓர் உருளை, உருளை முழுக்கப் பல். ஓட்டுகிறவர் நான்கு தூண் வைத்த கூண்டுக்குள் உட்கார வேண்டும். கதவு முன்பக்கம் மட்டும்தான். அந்தக் கை பாதியில் நின்றுவிட்டால் கதவைத் திறக்க விடாது.

காண்ட்ராக்டர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே அவள். முப்பது வயது இருக்கும். திருச்சியில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்து ஓட்டுகிறாள் என்றார்கள். அதற்கு முன்னால் ஓட்டியவர் வெயில் தாங்காமல் கதவைக் கழற்றி வைத்துவிட்டார். சீட் பெல்ட் போடாவிட்டால் அலாரம் கத்தும். அதனால் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அதன் மேல் சாய்ந்து உட்காருவார். ஒரு நாள் கட்டைச் சிம்பு பறந்து பின்கண்ணாடி போனது. மறுநாள் அவரும் போய்விட்டார்.

"சாயந்திரத்துக்குள்ள கதவ மாட்டி, மேலயும் பின்னாலயும் ஒரு வலைய அடிச்சு விடுங்க" என்றார் காண்ட்ராக்டர். "மேட்டூர் தொறக்கறதுக்குள்ள வேலைய முடிக்கணும்."

ஒரு மணி நேர வேலை. கம்பியை வெட்டி, தூணில் வைத்து, வெல்டிங் ராடை எடுத்தேன். அவள் நடுவில் கையை வைத்தாள்.

"அண்ணே, தூண்ல மட்டும் நெருப்பு வேண்டாம்."

"ஏன்?"

"மிஷின் கவுந்தா மொத்த வெயிட்டையும் இந்தத் தூண்தான் தாங்கணும். அதுக்குன்னே சோதிச்சு அனுப்பியிருக்காங்க. சூடு காட்டினா பலம் போயிடும். ஓட்ட போட்டாலும் அப்படித்தான்."

"இருபது வருஷமா பத்த வைக்கிறேன். என் வெல்டிங் விட்டதில்ல."

"உங்க வெல்டிங் விடாதுண்ணே. பக்கத்துல இருக்கிற இரும்பு விடும்."

ராடைக் கீழே வைத்தேன். கேஜ் வீல் உடைந்து வரும்போது பார்த்திருக்கிறேன். பற்றவைத்த இடம் அப்படியே இருக்கும். ஒரு விரல் தள்ளி இரும்பு விட்டிருக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

காண்ட்ராக்டருக்குக் கோபம். "ஏம்மா, ஃபேன் வைக்க, சாமி படம் மாட்ட, எல்லாரும் தூண்லதான் பத்த வைக்கிறாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"சாமி படத்த டேப் போட்டு ஒட்டிக்கலாம் சார். சாமி கோச்சுக்காது."

அவள் அம்மா காண்ட்ராக்டர் வீட்டு வயலில் நாற்று நட்டவர். இவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை மடக்கிக்கொண்டு என் பெஞ்சில் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் ஆனது. தூணைச் சுற்றிப் பிடிக்கிற மாதிரி கிளாம்ப் செய்தேன். மேலே தடிக்கம்பி வைத்த வலை. பின்னால் கண்ணாடி போன இடத்தில் நெருக்கமாகக் கம்பி வைத்து ஒரு கிரில். எட்டு போல்ட் போட்டு இறுக்கினேன். உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்குத் திருப்தி.

அவள் உள்ளே போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கதவைச் சாத்தினாள். நான் பின்னால் போய் நின்றேன். கிரில் வழியாகக் கேட்டாள்.

"அண்ணே, இப்ப முன்கதவு தொறக்கலன்னு வைங்க. நான் எப்படி வெளிய வர்றது?"

நான் குனிந்து கிரிலைப் பார்த்தேன்.

"எட்டு போல்ட்டு. எல்லாம் வெளிப்பக்கம். ஸ்பேனர் உங்க கையில."

காண்ட்ராக்டர் பெஞ்சில் இருந்து சிரித்தார். "வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற ஆளு அவரு. திருடன் உள்ள வரக் கூடாதுன்னே அடிச்சிருக்காரு."

வாஸ்தவம். உள்ளே இருப்பவர் வெளியே வருவதற்காக நான் ஒரு கிரிலும் செய்ததில்லை.

கழற்றினேன். கீழே இரண்டு கொக்கி வைத்து, கிரில் அதில் உட்காரும்படி செய்தேன். மேலே இரண்டு லாக் பின், உள்ளிருந்து உருவுகிற மாதிரி. பின்னை உருவி ஓர் உதை விட்டால் கிரில் கழன்று விழும்.

"இப்ப எண்ணுங்கண்ணே" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ண ஏன் மூடுற?"

"கவுந்து கெடக்கும்போது கண்ணு தெரியும்னு யார் சொன்னா?"

நான் எண்ணுவது நிதானமாக இருக்கும். பற்றவைக்கும்போது எண்ணி எண்ணிப் பழக்கம். பெல்ட்டைக் கழற்றி, கையால் தடவி, பின்னைத் தேடி, உருவி, உதைத்து வெளியே வந்தாள். முப்பத்தொன்று. மறுபடி போனாள். பத்தொன்பது. மறுபடி போனாள்.

"சர்க்கஸ் முடிஞ்சிதா?" என்றார் காண்ட்ராக்டர்.

"இன்னும் ஒரு ஆட்டம் சார்."

அது பதினொன்று. முழங்கையில் சிராய்த்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு, "போதும்ணே" என்றாள். முதல் நாள் வேலைக்கு என்னையும் கூப்பிட்டாள். அதிர்வில் போல்ட் தளர்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் நான் கரைக்குப் போனேன். காலையில் கையில் கழியோடு அவள் கரையைக் குத்திக் குத்தி நடந்து பார்த்தாள். எங்கள் பக்கத்துக் கரை வெளியே கெட்டியாக இருக்கும், உள்ளே நண்டு வளை. லஸ்கரிடம் கேட்டாள். அவர் இரண்டு இடத்தைக் காட்டினார். அந்த இரண்டிலும் குச்சி நட்டாள். மூன்றாவது இடம் அவருக்கும் தெரியாது.

பிறகு தூரமாக வந்து, பிளீச்சிங் பவுடரால் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"மிஷின் ஓடும்போது யாரும் இதத் தாண்டக் கூடாது."

"என் கரையில எனக்கே கோடா?" என்றார் லஸ்கர்.

"பல்லு ஒண்ணு கழண்டு வந்தா யார் கரைன்னு பாக்காது சித்தப்பா."

தம்பிக்காரன் சிரித்தான். லஸ்கர் சைக்கிளை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார். அவள் விரல் நீட்டி எங்களை எண்ணினாள். ஐந்து பேர். அப்புறம்தான் ஏறினாள்.

வேலை நன்றாக ஓடியது. ஆள் உயரக் கருவை நுரை மாதிரி அடங்கியது. நாலைந்து ஆள் ஒரு நாள் முழுக்க வெட்ட வேண்டியதை டீ குடிக்கிற நேரத்தில் முடித்தாள். நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். உருளை நின்ற பிறகு கையால் சைகை காட்டுவாள். நான் போய் போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன். தளரவில்லை. உள்ளே அவள் சட்டை பிழிகிற அளவு நனைந்திருந்தது. கதவைத் திறந்து வைக்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஒரு தடித்த கருவைக்காக இரும்புக் கையைத் தூக்கினாள். அப்போது வலது பக்கச் சங்கிலிக்குக் கீழே கரை இறங்கியது. சத்தமே இல்லை. மிஷின் மெதுவாகச் சாய்ந்தது.

"குதி! குதி!"

எல்லோரும் கத்தினோம். நானும் கத்தினேன். எங்களுக்கு டிராக்டர்தான் பழக்கம். சேற்றில் உழும்போது முன்பக்கம் தூக்கினால் குதித்துவிட வேண்டும். குதித்தவன் பிழைப்பான். நானும் குதித்தவன்தான். இடது கால் ஓர் அங்குலம் குட்டை. ஆனாலும் இருக்கிறேன்.

அவள் குதிக்கவில்லை. கதவுப் பக்கம் கை போகவே இல்லை. இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக்கொண்டு சீட்டோடு இருந்தாள். மிஷின் புரண்டு வடிகாலுக்குள் விழுந்தது. ஒருக்களித்துக் கிடந்தது. பாதிக் கூண்டு கறுப்புச் சேற்றுத் தண்ணீரில். இரும்புக் கை எதிர்க்கரையில் குத்தி முன்கதவை அடைத்துக்கொண்டது.

என் வாய் தானாக எண்ண ஆரம்பித்தது.

தம்பிக்காரன் கோட்டைத் தாண்டி ஓடினான். அண்ணன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "பல்லு நிக்கட்டும்டா!" உருளை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் நின்றது. அவள்தான் சாவியைத் திருப்பியிருக்கிறாள். உருளை இழுத்து இழுத்து நின்றது. காண்ட்ராக்டர் குடையைப் போட்டுவிட்டு வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார். லஸ்கர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பின்பக்கக் கிரில் ஒரு தடவை அதிர்ந்தது. கழன்று தண்ணீரில் விழுந்தது. முதலில் ஒரு கை. அப்புறம் ஹெல்மெட். கழுத்து வரைக்கும் சேறோடு வெளியே வந்து, மிஷின் மேலேயே ஏறி நின்றாள். நின்று, விரல் நீட்டி எங்களை எண்ணினாள்.

"அஞ்சு பேரும் இருக்கீங்கல்ல?"

காண்ட்ராக்டர் கேட்டார். "ஏம்மா, அத்தன பேரு கத்துறோம். ஏன் குதிக்கல?"

"குதிச்சா எந்தப் பக்கம் விழுந்திருப்பேன், பாருங்க சார்."

பார்த்தோம். அந்தப் பக்கம்தான் தூண் கிடந்தது. சேற்றுக்குள் ஒரு முழம் போயிருந்தது. பழைய ஆள் ஞாபகம் எனக்கு வந்தது. காண்ட்ராக்டருக்கும் வந்திருக்க வேண்டும். கதவு இல்லாத வாசல், முதுகுக்குப் பின்னால் பெல்ட். அவர் கட்டாயம் குதித்திருப்பார்.

நான் தண்ணீரில் இறங்கிக் கூண்டைத் தடவிப் பார்த்தேன். தூண் வளையவில்லை. மேல் வலையில், அவள் தலைக்கு நேராக, தொடை கனத்தில் ஒரு கருவைக் கட்டை வந்து முட்டியிருந்தது. ஒரு கம்பி வளைந்திருந்தது. உள்ளே வரவில்லை. கிளாம்ப் எதுவும் நகரவில்லை. நான் நிறைய பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். என் வேலையை நிறுத்தி, கழற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் உட்கார்ந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

கரைக்கு வந்தோம். லஸ்கர் சைக்கிளில் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அவள் முகம் கழுவினாள். மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

"பத்து நிமிஷம் உள்ளயே இருந்துட்டா" என்றார் காண்ட்ராக்டர்.

"பத்தா? கால் மணி நேரங்க. எனக்கு உசுரே போயிடுச்சு" என்றார் லஸ்கர்.

"அவ்வளவெல்லாம் இருக்காது. அஞ்சு நிமிஷம்" என்றான் அண்ணன்காரன்.

அவள் பாட்டிலை மூடிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"எவ்வளவு?"

"பதினேழு."