தொண்டிக் கரையில் எடுத்த படங்கள்

தொண்டியைப் பற்றிக் கட்டுரை கேட்டவர் எனக்குத் தூரத்துப் பழக்கம். "ஒரு சிறப்பு மலர் போடுறோம். பழைய துறைமுகத்தோட பெருமையை நீங்கதான் எழுதணும்" என்றார். ராமநாதபுரத்தில் கல்லூரியில் தமிழ் நடத்துகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? கரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். கார் அனுப்புகிறேன் என்றார். நான் பஸ்ஸிலேயே போனேன்.

பாட்டில் வரும் தொண்டி என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். சங்கப் பாடல்களில் நெய்தல் மணக்கும் தொண்டி மேற்குக் கடலோரத்தில் இருந்த சேரனுடைய ஊர். எங்கள் தொண்டி பாண்டிய நாட்டுத் துறை. அகிலும் பட்டும் சந்தனமும் கப்பலில் வந்திறங்கிய இடமென்று பழைய உரைகள் சொல்கின்றன. பெயர் ஒன்று என்பதால் அந்த ஊர்ப் பூவை இந்த ஊருக்குச் சூட்டிவிடுவார்கள் மேடைப் பேச்சாளர்கள். அந்தப் பிழை வந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அன்று என் கவலை.

கரையில் ஒரு பெண் வலை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் போனில் படமெடுக்கத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். நான் நின்றால் அவளும் நின்றாள். கடத்தல் பொருள் எதையாவது மறைத்து வைத்துக் காவல் காக்கிறாளோ என்று பயமாகிவிட்டது. பையை இறுக்கிக்கொண்டேன்.

"எந்த ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீக?" என்றாள்.

"ஆபீஸ் இல்லம்மா. காலேஜ்ல தமிழ் டீச்சர். இந்த ஊரு பழைய துறைமுகம்ல, அதைப் பத்தி எழுதப்போறேன்."

"தமிழ் டீச்சருக்கு வெறும் மணலு எதுக்கு? படகை எடுக்கல, எங்க வீட்டை எடுக்கல. ஒதுங்கி ஒதுங்கில்ல எடுக்கிறீக."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆளும் படகும் விழாமல், படகுத்துறைப் பாலத்திலிருந்து தெற்கே வெறுங்கரையாக எடுக்கச் சொன்னவர் கட்டுரை கேட்டவர்தான். அதை அவளிடம் சொன்னேன்.

"போன மாசம் ரெண்டு பேரு வந்து எடத்தை அளந்து கல்லு ஊண்டிட்டுப் போனாக. கேட்டதுக்குப் பதிலே இல்ல. இப்ப நீங்க, அந்தக் காலத்துல இங்கன பெரிய துறைமுகம் இருந்துச்சுன்னு எழுதுவீக. இருந்த எடத்துலதான கட்டுறோம்னு அவுக வருவாக. நாங்க எங்கன போறது?"

அங்கேயே அவருக்குப் போன் போட்டு, அவளும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சார், ஆளில்லாத படம் எதுக்கு?"

"அழகா இருக்கும்னுதான் மேடம்."

"மலரை யார் போடுறாங்க?"

"நண்பர்கள்தான். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று வைத்துவிட்டார்.

"அழிச்சிருங்க" என்றாள். ஒவ்வொன்றாக அழித்தேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடியே நின்றாள். முடிந்ததும், "குப்பைத்தொட்டியில கெடக்கும்னு எம் மக சொல்லும். அதையும் தொறங்க" என்றாள். அதையும் காலி செய்தேன். அதன் பிறகும் அவள் முகம் தெளியவில்லை. பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

கட்டுரையை எழுதினேன். இரண்டு தொண்டிகளையும் பிரித்துச் சொல்லி, இன்று அந்தக் கரையில் மீன் காயவைத்துப் பிழைக்கும் குடும்பங்களையும் சேர்த்து அனுப்பினேன். பதில் இல்லை. மலர் வந்ததாகவும் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வந்து, "அப்புறம் தொண்டிப் பக்கம் போனீங்களா மேடம்?" என்றார். இல்லை என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். நான் போகாததில் அவருக்கு என்ன நல்லது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.