என் மகளுக்காக நான் கொடுத்த ஜெபக் குறிப்பு

திருப்பத்தூரிலிருந்து வரும் பஸ் வழியில் பழுதாகி நின்றதால், என் மகள் அன்று காரைக்குடிக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாள். அதற்குள் நான் எங்கள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில், "மகள் வழி தவறிவிடாதபடி ஜெபியுங்கள்" என்று போட்டுவிட்டேன். வம்பு பேச எங்களுக்குக் கூச்சம். அதனால் அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு அக்கா மகளின் தலையில் கை வைத்து, "பையன் யாருன்னு மட்டும் சொல்லு தாயி, பேர் சொல்லி ஜெபிக்கணும்ல" என்றார். பெயர் தெரியாவிட்டால் கர்த்தர் திண்டாடிப் போவார் பாருங்கள்! மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

மூன்று நாள் முழங்காலில் நின்று, அவள் மனதை மாற்றும்படி ஆண்டவருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தேன். நான்காம் நாள்தான் "என்னை மன்னியும்" என்று வாயில் வந்தது. எழுந்துபோய் அவளிடமும் அதையே சொன்னேன்.

"சரிம்மா, விடுங்க. ஆனா இதையும் சாட்சின்னு சபையில போய்ச் சொல்லிறாதீக."

சாட்சியின் முதல் வரியை நான் அதற்குள் யோசித்து வைத்திருந்தேன். அது தெரிந்துதான் அவள் மன்னித்தாள்.